சேணமில்லாத குதிரை

சென்னைத் தீவுத்திடலருகே, உயர்ந்த கற்பீடத்தின்மீது வெண்கலக் குதிரையில் ஆரோகணித்திருக்கும் ஸர் தாமஸ் மன்றோவை, வாகனங்களின் ஆரவாரம் எழுமுன், விடியற்காலையில் நிதானமாகச் சுற்றிவந்து பார்ப்பது எனக்கு அலுக்காத ஆனந்தம். 1827இல் வாந்திபேதியால் மாண்ட அந்தக் கவர்னருக்காக லண்டன் சிற்பி பிரான்ஸிஸ் சான்ட்ரி சமைத்த இச்சிலை 1839இல் இங்கே ஸ்தாபிதமாயிற்று.

சேணமில்லை, அங்கவடியுமில்லை, சிற்பியின் மறதி என்று ஊரார் சொல்லும் கதையை நான் ஏற்பதற்கில்லை, ஏனெனில் டிரபால்கர் சதுக்கத்தில் அவர் கைவண்ணமாய் விளங்கும் நான்காம் ஜார்ஜ் மன்னரும் அவ்வாறே வெறும் முதுகில்தான் அமர்ந்திருக்கிறார். பாய்ச்சலோ கனைப்போ இன்றிச் சாந்தமாக நிற்கும் அந்த அசுவத்தின் விலாவை ஒட்டி, ஊன்றுவதற்கு ஓர் ஆதாரமும் வேண்டாமல், இயல்பாகத் தொங்கும் அந்தப் பாதத்தின்மீது முதல் வெயில் படும்போது, உலோகம் என்பதே மறந்துபோகிறது.