அருகில் இருந்தவருக்குத் தெரியாமல் போனது

அமெரிக்காவில் போதைமருந்து மிகுந்து இறந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் பதிவுகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மரணங்களின்போது, உதவியிருக்கக்கூடிய ஒருவராவது அருகில் இருந்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் எதுவும் செய்யவில்லை. போதைப்பொருள் பற்றிப் பள்ளியில் எதைச் சொல்லித்தருவது என்ற வாதம் இந்த மரணங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கே நெடுங்காலம் கோலோச்சியது மிரட்டல் பாடம். 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் சீருடைக் காவலர் வகுப்புக்கே வந்து "வேண்டாம் என்று சொல்" என்று கற்பித்தார். திட்டம் நாடெங்கும் பரவியது. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராதவர்களுக்கும் பிற்காலப் பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1990களிலேயே ஆய்வுகள் காட்டத் தொடங்கின. இதில் வியப்பில்லை. கஞ்சாவையும் ஹெராயினையும் ஒரே மூச்சில் சொல்லிப் பயமுறுத்தினால், கஞ்சா புகைத்த அண்ணன் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போவதைப் பார்க்கும் பிள்ளை மற்ற எச்சரிக்கைகளையும் சேர்த்தே தள்ளிவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் வேறு வழியை முயன்றார்கள். பதின்வயதினர் பலர் ஏற்கெனவே குடிக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, குடியால் வரும் தீங்கைக் குறைப்பதையே பாடமாக்கினார்கள். பெர்த் நகரப் பகுதிப் பள்ளிகளில் 2,300க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆராய்ந்தபோது, இப்பாடம் படித்தவர்கள் மற்றவர்களைவிட 20 விழுக்காடு குறைவாகக் குடித்தார்கள். தங்கள் குடியால் அவர்களுக்கு நேர்ந்த தீங்கும் 33 விழுக்காடு குறைவு. வெளிப்படையாகப் பேசினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த வெற்றி மதுவில் கிடைத்தது. மதுவுக்கு அளவு உண்டு, புட்டியில் எழுதியும் இருக்கிறது. தெருவில் வாங்கும் போலி மாத்திரைக்கு அப்படி எதுவும் இல்லை. அதில் ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டு 2 மில்லிகிராம் இருந்தாலே உயிர் போகலாம். தீங்கைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட 'சேஃப்டி ஃபர்ஸ்ட்' போன்ற புதிய அமெரிக்கப் பாடத்திட்டங்கள் தடுமாறக்கூடிய இடம் இதுதான். ஃபென்டனிலைக் கண்டறியும் சோதனைப் பட்டையை எடுத்துக்கொள்வோம். மருந்தைக் கரைத்த நீரில் நனைத்தால் ஒரு கோடு விழும், அல்லது இரண்டு. ஒன்று என்றால் ஃபென்டனில் இருக்கிறது, இரண்டு என்றால் தென்படவில்லை. மாத்திரையின் ஒரு மூலையில் இல்லாதது மறு மூலையில் இருக்கலாம் என்பதையும் அதே மூச்சில் அழுத்திச் சொல்லாவிட்டால், இரண்டாவது கோட்டைப் பிள்ளை அனுமதியாகவே எடுத்துக்கொள்ளும். போதையைத் தொட்டே பார்க்காத 12 வயதுப் பிள்ளைக்கு இந்த விவரம் தேவையா என்றால், தேவையில்லை என்பேன். பெரிய வகுப்புக்கு எழுதியதை அப்படியே கீழ் வகுப்புக்கு இறக்குவது பொறுப்பின்மை.

உயிர்காக்கும் பாடத்தில் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை. ஃபென்டனில் போன்றவை மிகுந்தால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, உதடு நீலம் பாய்வது, தொண்டையில் குறட்டைபோல் எழும் கரகரப்பு ஆகியவற்றை எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் "தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆம்புலன்சை அழைத்து, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் ஸ்ப்ரேயை ஒரு மூக்குத்துளையில் அடித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் இன்னொன்று அடிக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உதவி வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். 2023 முதல் அமெரிக்காவில் அந்த ஸ்ப்ரே மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. போதையைத் தொடாத பிள்ளையும் பக்கத்தில் இருக்க நேரலாம். அதனால் இந்தப் பாடம் யாருக்கும் அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.

திறந்த உரையாடல் என்ற பேச்சில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. காலையில் ஆசிரியர் "மனம்விட்டுப் பேசுங்கள்" என்கிறார். பிற்பகலில் பையில் வேப் கிடைத்த மாணவனை அதே பள்ளி இடைநீக்கம் செய்கிறது. உதவிக்கு அழைப்பவரை வழக்கிலிருந்து காக்கும் சட்டம் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் உண்டு. பள்ளியின் ஒழுங்கு விதிகளில் பொதுவாக அந்தப் பாதுகாப்பு இல்லை. இப்பாடத்தை ஏற்கும் பள்ளி, நண்பனுக்காக ஆம்புலன்சை அழைத்த பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்று முதலில் தன் விதியில் எழுத வேண்டும். எதைக் கேட்டால் தான் மேலிடத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்பதை ஆசிரியரும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.