45-க்குக் கீழே என்றால் பொய்யா?

குற்றம் சாட்டப்பட்டவர் 'எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை' என்கிறார். நிஜமா, நடிப்பா? இதைச் சோதிக்க அமெரிக்காவில் தடயவியல் உளவியலாளர்கள் பரவலாகப் பயன்படுத்துவது 1996-ல் வந்த 'டெஸ்ட் ஆஃப் மெமரி மலிங்கரிங்'.

50 படங்களைக் காட்டுவார்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு புதுப் படத்தோடு வைத்து, 'முன்னாடி பார்த்தது எது?' என்பார்கள். கஷ்டம் மாதிரி தெரியும். உண்மையில் ரொம்ப சுலபம். தலையில் அடிபட்டவர்களே பெரும்பாலும் நன்றாகச் செய்துவிடுகிறார்கள். அதனால் இரண்டாம் சுற்றில் 45-க்குக் கீழே போனால் சந்தேகம்.

யோசனை நல்ல யோசனைதான். என் சண்டையெல்லாம் அந்த 45-உடன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சுமார் 25 சரியாக வரும். ஒருவர் 15தான் எடுக்கிறார் என்றால், குருட்டாம்போக்கில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. விடை தெரிந்தே தவிர்த்திருக்கிறார் எனலாம். 40 எடுத்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? டிமென்ஷியா உள்ளவர்கள் மனசார முயன்றும் 45-ஐத் தொடாமல் போவதுண்டு.

இந்த இருவருக்கும் அறிக்கையில் 'பாசாங்கு' என்ற ஒரே சொல்லை எழுதினால், நீதிபதி இருவரையும் பொய்யர் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் மதிப்பெண்ணையும், அது எதைக் காட்டவில்லை என்பதையும் எழுதினால் என்ன குறைந்துவிடும்?