நிற்கத் தெரிந்த ஓட்டம்

தொலைதூர மலைப்பாதை ஓட்டத்தை நேரில் பார்க்க முடியாது. ஓடுகிறவரின் முதுகுப்பையில் ஒரு ஜிபிஎஸ் கருவி. இணைய வரைபடத்தில் அவர் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத்தான் எங்களைப் போன்ற ரசிகர்கள் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். பழகிய கண்ணுக்கு அப்படியில்லை. ஏற்றத்தில் நடக்கிறாரா, இருட்டில் வழி தவறிவிட்டாரா, செக்பாயின்ட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்துவிட்டார் என்பதெல்லாம் புரிந்துவிடும்.

இப்படி ரசிக்க வேண்டிய ஓட்டங்களில் என் முதல் தேர்வு, 2019 ஜனவரியில் ஜாஸ்மின் பாரிஸ் ஓடிய ஸ்பைன் பந்தயம். இங்கிலாந்தின் ஈடேலில் தொடங்கி, பெனைன் மலைகளின் முதுகோடு வடக்கே போய், ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி கிர்க் யெட்டம் என்ற சிற்றூரில் முடியும் 268 மைல். கெடு ஏழு நாள். நடுக்குளிர்காலத்தில் பகல் வெளிச்சமே எட்டு மணி நேரம்தான், மீதிக்குத் தலைவிளக்கு. சாப்பிட்டாலும் தூங்கினாலும் கடிகாரம் நிற்காது. எங்கே, எவ்வளவு நேரம் கண்ணை மூடுவது என்பது அவரவர் கணக்கு.

ஜாஸ்மின் கால்நடை மருத்துவர். எடின்பரோவில் ரத்தப்புற்று பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி வேறு. மகளுக்கு 14 மாதம். பந்தயத்துக்குள் பால் மறக்கடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனதால் அது நடக்கவில்லை. ஆகவே பந்தயச் சாமான்களோடு பால் எடுக்கும் பம்பும் புறப்பட்டது. பால் கட்டிக்கொண்டால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் ஓட்டம் போச்சு. முதல் சில செக்பாயின்ட்களில் சாப்பாடு, சாக்ஸ் மாற்றுவது, தூக்கம் என்ற பட்டியலில் இதுவும் சேர்ந்துகொண்டது.

பத்திரிகைகள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தாய்மையின் அற்புதம் என்று எழுதித் தள்ளின. எனக்கு அதில் அவ்வளவு ஒட்டுதல் இல்லை. அற்புதம் என்று சொல்லிவிட்டால் வேலைத்திறன் கண்ணில் படாமல் போகிறது. இந்த ஓட்டத்தின் அழகே நின்ற இடங்களில்தான் இருக்கிறது என்பேன். நல்ல நாகஸ்வரக்காரர் எங்கே மூச்சு வாங்கினார் என்று தெரியாமல் வாசிப்பாரே, அந்த மாதிரி. நல்ல நல்ல ஓட்டக்காரர்கள்கூட வெதுவெதுப்பான கூடத்துக்குள் நுழைந்து, ஈர ஷூவைக் கழற்றி, சூடாக ஏதோ குடித்தபடி ஒரு மணி நேரத்தைத் தொலைப்பார்கள். கைக்குழந்தைக்காரிக்கு அந்தச் சொகுசு வீட்டிலேயே பழக்கம் இல்லை. ஒரு வருடமாகத் துண்டு துண்டாகத் தூங்கியவர். கிடைத்த நேரத்துக்குள் எதை முதலில் முடிப்பது என்ற கணக்கு கையோடு வந்துவிட்டது. பயிற்சியும் வீடு விழிப்பதற்கு முன் முடித்துக்கொண்டதுதான்.

மொத்தத் தூக்கம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கடைசிக் கட்டத்தில் பாறைகளெல்லாம் விலங்குகளாகத் தெரிந்தனவாம். நெடுந்தூரம் ஈடுகொடுத்து வந்த ஸ்பெயின்காரர் யூஜெனி ரொசெல்லோ சோலே, முன்பு இதே பந்தயத்தை ஜெயித்தவர், முடிவுக்குச் சில மைல் இருக்கும்போது உடம்பு ஒத்துழைக்காமல் விலகினார். ஜாஸ்மின் 83 மணி 12 நிமிடம் 23 நொடியில் முடித்தார். ஆண் பெண் எல்லாரையும் சேர்த்து முதலிடம். முந்தைய சாதனையைவிட 12 மணி நேரத்துக்கு மேல் குறைவு. மலையோட்டக்காரரான கணவர் குழந்தையோடு முடிவிடத்தில் காத்திருந்தார்.

கைக்குழந்தையோடு ஒரு தாய் ஓடியது கவனத்துக்கு வந்தது இது முதல் முறை அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு ஆல்ப்ஸ் மலையில் நடந்த யூடிஎம்பி ஓட்டத்தின் நடுவே, கூர்மாயர் செக்பாயின்ட்டில், சோஃபி பவர் என்ற ஓட்டக்காரர் தன் மூன்று மாதக் குழந்தைக்குப் பாலூட்டும் படம் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. காயம்பட்டவருக்கு அடுத்த ஆண்டுக்கு இடத்தைத் தள்ளிவைப்பார்கள், கர்ப்பிணிக்குக் கிடையாது என்ற விதி அப்போதுதான் பலர் கவனத்துக்கு வந்தது, பிறகு மாறியது. அந்தப் படத்தில் பக்கத்தில் ஓர் ஆண் ஓட்டக்காரர் களைத்துப் படுத்திருப்பார். எனக்கு அவரையும் பிடிக்கும்.

2024 மார்ச்சில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகு, அமெரிக்காவின் டென்னசியில் நடக்கும் பார்க்லி மாரத்தானை முடித்த முதல் பெண்ணானார் ஜாஸ்மின். 60 மணி நேரக் கெடுவில் மிச்சம் 99 நொடி. முடிவிடமான மஞ்சள் கேட்டைத் தொட்டுச் சரிந்து விழுந்தார். அதற்கு முன் அதை முழுதாக முடித்தவர்கள் இருபது பேரைக்கூடத் தொடவில்லை. சாதனை என்று எடுத்தால் அதுதான் பெரியது, சந்தேகமே இல்லை. ஆனால் அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஓட்டம். ஸ்பைனில் இருந்த நிதானம் அங்கே கிடையாது, இருக்கவும் முடியாது. எது சிறந்தது என்று நண்பர்களுக்குள் இன்னும் தகராறுதான். ஓடுகிறவர்கள் பார்க்லி என்கிறார்கள். பிள்ளை வளர்க்கிறவர்கள் என் கட்சி.