தீவு என்னும் சொல்

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று பள்ளிப்பருவத்தே மனனஞ் செய்கின்றோம். அவ்விலக்கணத்தை மண்டைதீவில் உரைத்துப் பார்க்குங்கால் மாற்றுக் குறைகின்றது. பண்ணைத் தாம்போதி அதனைக் குடாநாட்டோடு பிணைத்த பின்னரும் ஊரவர் பெயரை மாற்றினாரல்லர். பிழைபட்டது வழக்கோ, வரையறையோ?

சொல்லின் பிறப்பை நோக்குவோம். வடமொழியில் இது 'த்வீப' எனப்படும். 'த்வி' இரண்டு, 'அப்' நீர். 'த்வி' முன்னிற்ப 'அப்' என்பதன் அகரம் ஈகாரமாகும் என்று பாணினி விதித்தார். ஆகவே இருமருங்கும் நீருடையது என்பதே சொற்பொருள். நாற்புறம் என்னும் நிபந்தனை அதன்கண் இல்லை. இவ்வளவில் மண்டைதீவார் வழக்கே வெல்கின்றது.

தீர்தல் நீங்குதலாதலின், நிலத்தினின்று நீங்கியது தீவு எனத் தமிழ்வேர் காண்பாரும் உளர். தீவம், தீபம் என்னும் வடிவுகள் தமிழிலேயே உடன்வழங்குதல் அக்கருத்துக்கு இடந்தரவில்லை. இதனால் தமிழுக்கு இழுக்கொன்றுமில்லை. ஆற்றிடைக்குறைக்குத் துருத்தி, அரங்கம் என்னும் பெயர்கள் நம்மிடம் உள.

பாலியில் வகரம் கெட்டுத் 'தீப' என நின்றபோதுதான் மயக்கம் விளைந்தது. விளக்கைக் குறிக்கும் சொல்லும் அங்கே 'தீப' என்பதே. மகாபரிநிப்பான சுத்தத்தில் புத்தர் தம் மாணாக்கர்க்குக் கூறிய அறிவுரையில் வரும் அச்சொல்லை விளக்கென்று பெயர்ப்பார் பலர். வெள்ளத்திடை ஒதுங்கும் தீவு என்பதே பழைய உரைகாரர் கொள்கை. அடைக்கலம் என்னும் சொல் அடுத்து வருதலின், உரைகாரர் கருத்தே பொருந்துவதாம். தமிழிலும் தீவம் இரண்டற்கும் பொதுவாய் நின்று, தீவிகை விளக்கிற்கே உரித்தாயிற்று. நயினாதீவைச் சிங்களவர் நாகதீப என்பர். அங்குள்ள 'தீப' விளக்கன்று.

மேற்கே இச்சொல் நெடுந்தொலை சென்றது. குசராத்துக் கரையில் 'தியூ' என நின்றது. மாலைத்தீவார் தம் மொழியைத் 'திவெஹி' என்பர். 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர் இலங்கையைச் 'சீலெதீவ' என்று குறித்தார். அராபியர் 'சரந்தீப்' என்றனர். அப்பெயரினின்றே 1754இல் வால்போல் 'செரண்டிப்பிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லை ஆக்கினார். எதிர்பாராது நற்பேறு எய்துதல் என்பது அதன் பொருள்.

இனி, தீபகற்பம். இதனைத் 'தீபகர்ப்பம்' என்றெழுதி, தீவைக் கருவிற் கொண்ட நிலம் என்று உரைப்பாரைக் காண்கின்றோம். ஈண்டுள்ளது ஏறக்குறைய என்னும் பொருள்தரும் 'கல்ப' என்னும் வடமொழி விகுதி. தீவு போல்வது என்பதே கருத்து. தெலுங்கர் 'த்வீபகல்பம்' எனத் திரிபின்றி வழங்குவர். இலத்தீன் 'பெனின்சுலா'வும் இவ்வாறே அமைந்த தொகை. ஈழத்தார் இவ்விடர் ஏதுமின்றிக் குடாநாடு என்கின்றனர்.