டிராக்குக்குப் பாட்டா, பாட்டுக்கு டிராக்கா?

கல்யாண ரிசப்ஷன் மேடையில் கீபோர்டு, தபேலா, டோலக், டிரம்ஸ் என்று எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்த இடத்தில் இன்று பல ஊர்களில் ஒரு லேப்டாப்பும் இரண்டு கார்ட்லெஸ் மைக்கும்தான் இருக்கின்றன. குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் விழா, அலுவலக ஆண்டு விழா, பணி ஓய்வு பெற்றவர்கள் கூடிப் பாடும் மாலை என்று எல்லாமே இந்த வழிக்கு வந்துவிட்டன. பாடுகிறவர் ‘டிராக்’ கொண்டு வருகிறார், லேப்டாப்பில் இருப்பவர் போடுகிறார். கரோக்கிக்கென்று மென்பொருள்கள் உண்டு, டி.ஜே. வேலைக்கென்று உண்டு, விர்ச்சுவல் டி.ஜே. போல இரண்டையும் சேர்த்துச் செய்பவையும் உண்டு. புதிதாக இறங்குகிறவர் எடுத்த எடுப்பில் கேட்பது, ‘எந்த சாஃப்ட்வேர் நல்லது?’ என்றுதான். அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பாடுகிறவருக்காக டிராக் வளைகிறதா, டிராக்குக்காகப் பாடுகிறவர் வளைகிறாரா? இந்தப் பழக்கத்தின் நிறை குறைகளை நான் எடைபோடுவது அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

கரோக்கி பிறந்த கதையே இதைப் பற்றியதுதான். ஜப்பானின் கோபே நகர மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட, பின்னணி வாசித்துப் பிழைத்தவர் டைசுகே இனோவே. அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் வெளியூர்ப் பயணத்துக்குக் கூட வந்து வாசிக்கும்படி கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்கு ஒத்துவரும் சுருதியில் வாசித்து, டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1971-இல் அவர் மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்ட, காசு போட்டால் ஓடும் ‘8 ஜூக்’ பெட்டி. அதற்கும் முன்பே, 1967-இல், டோக்கியோவில் ஷிகேயிச்சி நெகிஷி இப்படியொரு கருவியைச் செய்துவிட்டார் என்பதால் முதல் பெருமை யாருக்கு என்பதில் விவாதம் உண்டு. நமக்கு வேண்டியது வேறு. இனோவேயின் முதல் டேப், ஒரு மனிதருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பெட்டிக்குள் போனதும் அது எல்லாருக்கும் ஒரே அளவு ஆகிவிட்டது.

அந்த அளவெடுக்கும் வசதியை மென்பொருள் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. இதன் ஆகப் பெரிய நிறை இதுதான். கேசட் காலத்தில் சுருதியை இறக்க வேண்டுமென்றால் டேப்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாட்டும் கூடவே இழுபடும். இப்போது சுருதியும் வேகமும் தனித்தனிப் பிடிகளாகிவிட்டன. ஒரு தட்டுத் தட்டினால் கீபோர்டில் அடுத்த கட்டைக்குப் பாட்டு நகரும், வேகம் மாறாது. ஒரு கட்டையில் சௌகரியமாகப் பாடும் ஆணும், ஐந்து கட்டையில் பாடும் பெண்ணும் ஒரே பாட்டைத் தங்கள் தங்கள் சுருதியில் பாடிவிடலாம். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்து, கூட்டத்தின் முன் தலைகுனிந்து இறங்கியவர்கள் எத்தனை பேர்! ‘எனக்குப் பாட வராது’ என்று வாழ்நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தவருக்கு, ஒத்துவராத கட்டையில் பாடியதுதான் கோளாறு என்று காட்டிக்கொடுக்கிறது இந்த ஒரு பொத்தான். ஓப்பன்கேஜே போல கரோக்கிக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் யாருக்கு அடுத்த முறை, அவருடைய பாட்டு எது, எத்தனை கட்டை ஏற்றி இறக்க வேண்டும் என்பதைப் பெயரோடு சேர்த்தே நினைவில் வைக்கும். இது நல்ல ஆர்மோனியக்காரர் ஒருவர் மனத்தில் வைத்திருந்த கணக்கு.

இதற்கும் எல்லை உண்டு. இரண்டு மூன்று கட்டை வரை மாற்றினால் காதுக்கு உறுத்தாது. அதற்கு மேல் போனால் தபேலாவின் நாதம் மொத்தையாகும், வயலின்களில் ஒரு தகரச் சத்தம் ஏறும். ஜோடிப் பாடல்களில் சிக்கல் இன்னும் அதிகம். ஆணுக்காக இறக்கினால் பெண்ணின் சரணம் கிணற்றுக்குள் போய்விடும். இருவருக்கும் பொதுவான ஒரு சுருதியை ஒத்திகையில் தேடிப் பிடிக்க வேண்டுமே தவிர, மேடையில் ஏறிய பிறகு பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்தது இந்தப் பழக்கத்தின் மையக் குறை. டிராக் பாடுகிறவரைக் கேட்பதில்லை. மெல்லிசைக் குழுவில் பாடகர் சரணத்தின் எடுப்பைத் தவறவிட்டால், கீபோர்டு வாசிப்பவர் கண்ணாலேயே தபேலாக்காரருக்குச் சைகை காட்டுவார், இடையிசையின் கடைசி அடி இன்னொரு சுற்று வரும், பாடகர் ஏறிக்கொள்வார். முன்வரிசையில் இருப்பவருக்குக்கூட நடந்தது தெரியாது. டிராக் அப்படி நிற்காது. நம் திரைப்பாடல்களில் இடையிசை நீளமானது, அதற்குள்ளேயே தாள நடை மாறுவதும் உண்டு. புதிதாகப் பாடுகிறவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். விழுந்தவர் அந்தச் சரணம் முழுக்க ஓடும் பேருந்தைத் துரத்துகிறவரைப் போலத் திரையைத் துரத்திக்கொண்டிருப்பார்.

இங்கேதான் டி.ஜே. மென்பொருள் கரோக்கிக்கு உதவுகிறது. அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. டி.ஜே. மென்பொருளில் பாட்டின் எந்த இடத்திலும் ‘ஹாட் க்யூ’ என்ற அடையாளத்தை வைக்கலாம். பல்லவித் தொடக்கம், முதல் இடையிசையின் கடைசி நான்கு அடிகள், சரண எடுப்பு, இரண்டாம் சரண எடுப்பு என்று ஒரு பாட்டுக்கு நான்கைந்து அடையாளம் வைத்தால் போதும். பாடகர் எடுக்கத் தயங்குகிறார் என்று தெரிந்ததும் அந்த நான்கு அடியை ‘லூப்’ செய்துவிடலாம். அவர் மூச்சை எடுத்துத் தலையசைத்ததும் விட்டுவிடலாம். இதற்கு லேப்டாப்பில் இருப்பவர் திரையை விட்டுப் பாடகரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்பவரால் இது ஆகாது. கேட்கும் காது மென்பொருளுக்கு இல்லாததால், அதை இயக்குகிறவர்தான் அந்தக் காதாக இருந்தாக வேண்டும்.

டிராக் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த தொல்லை. நல்ல டிராக் என்பது இசைக்கலைஞர்கள் உட்கார்ந்து புதிதாக வாசித்தோ, கீபோர்டில் அடுக்கியோ செய்வது. அதற்குக் காசு கொடுக்க மனமில்லாத இடத்தில், மூலப் பாட்டிலிருந்து குரலை உருவி எடுப்பது வழக்கமாகிவிட்டது. பழைய முறை எளிய கழித்தல். ஸ்டீரியோ பதிவில் பாடகரின் குரல் இடம், வலம் இரண்டிலும் சமமாக இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குரல் போய்விடும். கூடவே, நடுவில் வைக்கப்பட்ட பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் போய்விடும். எதிரொலி மட்டும் ஆவி போல மிஞ்சும். இன்னொன்றும் உண்டு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துப் பாடல்கள் மோனோவில் பதிவானவை. தமிழில் ஸ்டீரியோவின் தொடக்கமாகப் பலரும் சொல்வது 1978-இல் வந்த ‘ப்ரியா’வின் பாடல்களை. மோனோ பாட்டில் இரண்டு பக்கமும் ஒன்றேதான் என்பதால், கழித்தால் எதுவுமே மிஞ்சாது, வெறும் நிசப்தம்தான். ‘சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு’ என்று புதியவர்கள் புலம்புவது சில நேரம் இதனால்தான்.

2019-இல் டீசர் நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற பிரிப்பு நிரலை இலவசமாக வெளியிட்டது முதல் நிலைமை மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு குரலின் குணத்தையே கற்றுக்கொண்டு பிரிப்பதால் மோனோ பாட்டிலும் அது வேலை செய்யும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பாட்டு ஓடும்போதே குரலைப் பிரிக்கும் வசதி விர்ச்சுவல் டி.ஜே.க்குள்ளும் வந்துவிட்டது. வியப்பான வேலைதான், மறுக்க முடியாது. ஆனால் குரலோடு ஒட்டி ஓடும் சோலோ வயலினையோ ஷெனாயையோ பல சமயம் குரலென்று எண்ணிச் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கோரஸ் ஹம்மிங்கும் குரல்தான் என்பதால் அதுவும் காணாமல் போகும். நம் பாடல்களில் ஹம்மிங் அலங்காரமாக ஒட்டவைத்தது இல்லை, இசையமைப்பின் ஓர் அங்கம். அது போன டிராக்கில் பாடுகிறவர் பாதி வீட்டில் குடியிருக்கிறார். வீட்டில் பழகுவதற்கு இந்த உருவிய டிராக் போதும். காசு வாங்கிக்கொண்டு ஏறும் மேடைக்கு இது தகாது என்பதே என் முடிவு.

திரையில் ஓடும் வரிகளுக்கு வருவோம். உலகக் கரோக்கிக்காரர்களிடம் நெடுநாள் புழங்கும் சி.டி.ஜி. என்ற வடிவத்தில் ஒரு பாட்டுக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும்: ஒன்றில் ஒலி, ஒன்றில் வரி. ஒன்றின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் வரிகள் வராது. புதியவர்கள் மேடையில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் திரை மொத்தமே 300-க்கு 216 புள்ளி, 16 நிறம். அதற்குள் தமிழின் சுழிகளையும் கொம்புகளையும் தெளிவாக வரைவது எளிதில்லை. தமிழ் டிராக்குகள் பெரும்பாலும் வீடியோ கோப்புகளாகவே சுற்றுகின்றன. அந்த வசதி கிடைத்த பிறகும் அவற்றில் ஏராளமானவற்றில் வரிகள் ஆங்கில எழுத்தில்தான் ஓடுகின்றன. பள்ளியும் பல்லியும் அங்கே ஒரே எழுத்துக்கூட்டல். அறமும் அரமும் ஒன்று. பாட்டை ஏற்கெனவே மனப்பாடமாக அறிந்தவருக்கு இது ஒரு பொருட்டில்லை. திரையைப் பார்த்துத்தான் பாட்டையே கற்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது கேடு. சுருதி தவறினால் அடுத்த பாட்டில் சரியாகிவிடும். உச்சரிப்பு தவறாகப் படிந்தால் எளிதில் போகாது.

டி.ஜே. பக்கத்தில் புதியவரை மயக்குவது ‘சிங்க்’ பொத்தான். இரண்டு பாட்டின் தாளத்தையும் அது தானே சேர்த்துவிடும். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று மென்பொருள் பாட்டை அளந்து, அதன் மேல் சம இடைவெளியில் கட்டம் போட்டு வைக்கும். 1992-இல் ‘ரோஜா’ வந்த பிறகு கணினித் தாளத்தில் அடுக்கிச் செய்த பாடல்கள் பெருகின. அவற்றில் இந்தக் கட்டம் அச்சாகப் பொருந்தும். அதற்கு முன், ஸ்டுடியோவில் ஐம்பது அறுபது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பாட்டுகளின் வேகம் மூச்சு விடுவது போல ஏறும், இறங்கும். மென்பொருளின் கட்டம் பல்லவியில் பொருந்தி சரணத்தில் விலகிப் போகும். லூப்பும் இந்தக் கட்டத்தின்படியே வெட்டப்படுவதால், அதைப் போடுவதிலும் கவனம் வேண்டும். திஸ்ர நடையில், நம் ஆட்கள் ‘சிக்ஸ்-எய்ட்’ என்று சொல்லும் தாளத்தில், வரும் நாட்டுப்புற மெட்டுகளிலும் குத்துப் பாடல்களிலும் அடிக்கணக்கே அடிக்கடி தப்பாக விழும். நாலு நாலாக எண்ணிப் பழகிய மேற்கத்திய நடன இசைக்காக எழுந்த கருவி இது. நம்முடைய தாளத்தைக் கையால் தட்டி எண்ணி, கட்டத்தைத் தானே திருத்தத் தெரிந்தவருக்கே இது அடங்கும்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கை லேப்டாப்புக்குள் விடாமல் நேரே மிக்சரில் செருகுங்கள். லேப்டாப் டிராக்கை மட்டும் கொடுக்கட்டும். மைக் ஒலி கணினிக்குள் போய் வந்தால் தாமதம் சேரும். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் அந்தத் தாமதம் நூறு, இருநூறு மில்லிசெகண்டைத் தொடும். தன் குரலே தனக்குப் பின்னால் வந்தால் யாராலும் தாளத்தில் நிற்க முடியாது. பாட்டுகளை இணையத்திலிருந்து ஓடவிடாமல் லேப்டாப்பிலேயே கோப்பாக வைத்திருங்கள். ஸ்பாட்டிஃபை 2020 ஜூலையில் டி.ஜே. மென்பொருள்களிலிருந்து விலகியபோது, அதை நம்பிப் பட்டியல் போட்டு வைத்திருந்தவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. திருமணமும் அதையொட்டிய கொண்டாட்டங்களும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்குப் பெற்றவை. ஹோட்டலின் வார இறுதிக் கரோக்கிக்கும், டிக்கெட் போட்ட நிகழ்ச்சிக்கும் அந்த விலக்கு இல்லை. 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதை நாடறியும். பாடியவருக்கே அந்த நிலை என்றால், கட்டணம் வாங்கி டிராக் போடுபவர் உரிமம் பெறாமல் இருக்கக் கூடாது.

மெல்லிசைக் குழுக்களின் பிழைப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த எடைபோடல் நேர்மையாக முடியாது. ஒரு லேப்டாப் ஏறிய மேடையிலிருந்து தபேலாக்காரரும் ஃபுளூட்காரரும் இறங்கியிருக்கிறார்கள். குழு வைக்கப் பணமில்லாத வீட்டில் லேப்டாப் பாட்டைக் கொண்டுவந்தது, அது லாபம். லட்சக்கணக்கில் மேடை அலங்காரத்துக்குச் செலவிடும் மண்டபத்திலும் லேப்டாப்பே போதும் என்று முடிவெடுப்பது கஞ்சத்தனம், அதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று அழைக்க எனக்குச் சம்மதமில்லை. டிராக்கோடு ஒரு தபேலாக்காரரையாவது உட்கார வைத்தால்கூடப் பாடகரைக் கேட்க மேடையில் ஒரு மனிதர் இருப்பார்.

ஆக, இந்தப் பழக்கம் தொடங்கத் தகுந்ததுதான், தொடங்கும் வாசல் கரோக்கியாக இருக்கட்டும். விர்ச்சுவல் டி.ஜே.யை வீட்டு உபயோகத்துக்குக் காசில்லாமல் வைத்துக்கொள்ளலாம். மிக்ஸ் என்ற டி.ஜே. மென்பொருளும் ஓப்பன்கேஜேயும் முழுக்க இலவசம். எதை எடுத்தாலும் முதலில் சுருதிப் பொத்தானையும் ஹாட் க்யூவையும் பழகுங்கள். சிங்க்கும் எஃபெக்ட்டும் பிறகு. கடைசியாக டிராக் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கோப்பின் பெயரிலேயே பாட்டின் கட்டையையும் வேகத்தையும் எழுதுங்கள், வரிகளைத் தமிழ் எழுத்தில் போடுங்கள்.