தனக்கென ஒரு நாதம்

ஆசானைப் போலவே இசைப்பது தேர்ச்சியா, ஆசானிடமிருந்து வேறுபட்டு இசைப்பது தேர்ச்சியா? இசை பயில்வோர் அனைவர் முன்னும் நிற்கும் இவ்வினா, அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு ஈந்த ஜாஸ் இசையில் மிகக் கூர்மையாக எழுகிறது. எழுதிவைத்த மெட்டை வழுவாது ஊதுபவனைவிட, அம்மெட்டைக் களமாகக் கொண்டு அந்தக் கணத்திலேயே புதிது புனைபவனையே அங்கே கலைஞன் என மதிப்பர். இரண்டு சுரம் கேட்டதும் 'இவர் இன்னார்' என்று சொல்லத்தக்க ஒலியும் அவனிடம் இருத்தல் வேண்டும். அவ்வொலி பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா என்பதைச் சாக்ஸபோன் கலைஞர் இருவரை முன்வைத்து ஆராய்வோம்.

அடால்ஃப் சாக்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டவர் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி சாக்ஸபோன். உடல் பித்தளையே ஆயினும், ஒலி பிறப்பது நாணலில். நாதஸ்வரத்தின் சீவாளியை நாம் அறிவோம். இங்கே ஒரே ஒரு நாணல் தகட்டை ஊதும் முனையில் பொருத்தி, உதட்டால் கவ்வி ஊதுவர். உதட்டின் அழுத்தம், மூச்சின் வேகம், வாய்க்குள்ளும் தொண்டையிலும் உள்ள இடம் ஆகிய யாவும் ஒலியை மாற்றும். எனவே ஒரே கருவியை இருவர் ஊதினால் இருவேறு குரல்கள் எழும்.

இக்கருவிகளுள் டெனர் வகைக்கு ஜாஸில் பெருமை தேடித் தந்தவர் கோல்மன் ஹாக்கின்ஸ். ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் புகழ்பெற்ற இசைக்குழுவில் பல்லாண்டு இருந்தார். கனத்த, அகன்ற, அதிர்வு மிகுந்த நாதம் அவருடையது. டெனர் என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று அந்நாளில் பலரும் நம்பினர். 1934இல் அவர் ஐரோப்பா சென்றபோது, அவ்விடத்துக்கு இளைஞர் லெஸ்டர் யங் அழைக்கப்பட்டார்.

லெஸ்டரின் நாதமோ மெல்லியது. அதிர்வு குறைந்து காற்றைப் போல் இலேசாக இழைவது. குழுவினருக்கு அது ஒப்பவில்லை. ஹெண்டர்சனின் துணைவியார் லியோரா தாமும் ஓர் இசைக்கலைஞர். அவர் ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, அவரைப் போல் ஊதும்படி லெஸ்டரை வற்புறுத்தினார். அவர் நோக்கம் தீயதன்று. பசித்த காலத்தில் ஓர் இளைஞனின் பிழைப்பு நிலைக்க வேண்டும் என்றே அவர் எண்ணியிருக்கக் கூடும். ஆயினும் லெஸ்டர் இணங்கவில்லை. தாம் நீக்கப்படவில்லை என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு விலகியதாகப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். பொருளாதார வீழ்ச்சியால் வேலை அரிதாகியிருந்த அந்நாளில், கறுப்பினக் கலைஞர் ஒருவர் இத்தகைய இடத்தைத் துறந்தது சிறிய செயலன்று.

அவர் துறந்தது தகுமா? இரண்டு இசைத்தட்டுகள் விடை தருகின்றன. 1936இல் சிகாகோவில் பதிவான 'லேடி பி குட்' பாடலில் லெஸ்டர் ஊதியது 64 தாள அளவுகள். 1939 அக்டோபர் 11இல் நியூயார்க்கில் 'பாடி அண்ட் சோல்' பாடலில் ஹாக்கின்ஸ் ஊதியதும் 64 அளவுகளே. ஹாக்கின்ஸ் தொடக்கத்தில் மெட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு, அதன் அடியிலுள்ள சுர அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மாளிகை எழுப்புகிறார். லெஸ்டர் அவ்வடுக்குகளின் மேல் நடந்துசெல்லும் நெடிய கோடு ஒன்றை வரைகிறார். இடையிடையே மௌனத்தையும் இசையாக்குகிறார். இவற்றுள் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த நமக்கு மனம் வரவில்லை. லெஸ்டர் அன்று இணங்கியிருந்தால் உலகம் இரண்டாவது ஹாக்கின்ஸ் ஒருவரைப் பெற்றிருக்கும். முதலாவது லெஸ்டரை இழந்திருக்கும்.

இதுகொண்டு லெஸ்டர் எவரையும் பின்பற்றாதவர் என்று எண்ணுவது பிழை. ஃபிராங்கி டிரம்பாவர் என்னும் வெள்ளையரின் இசைத்தட்டுகளை அவர் உருகிக் கேட்டவர். டிரம்பாவர் ஊதியது டெனரினும் சற்றே உயர்ந்த குரலுடைய 'சி மெலடி' சாக்ஸபோன். அந்த இலேசான குரலை டெனரில் கொணர லெஸ்டர் முயன்றார். ஒரு கருவியின் குரலை வேறொரு கருவியில் தேடியபோதுதான் அவருடைய தனிக்குரல் பிறந்தது. பாட்டின் சொற்களை அறியாது அப்பாட்டை ஊதலாகாது என்பதும் அவர் கொள்கை. பொருள் அறிந்து பாடுபவனுக்கும் அறியாது பாடுபவனுக்கும் உள்ள வேறுபாடு நாம் அறியாததா?

அவருக்குப் பின்வந்தோரிடமும் இதே பாடத்தைக் காணலாம். 1937 கோடையில் சார்லி பார்க்கர் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் லெஸ்டரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தான். பின்னாளில் அவனிடமிருந்து எழுந்த நாதமோ லெஸ்டருடையதன்று. கூர்மையும் வேகமும் மிக்க வேறொன்று. மாறாக, பால் குயினிஷெட் என்னும் தேர்ந்த கலைஞர் லெஸ்டரைப் பெரிதும் ஒத்து ஊதினார். லெஸ்டருக்குத் 'தலைவர்' என்னும் பொருளில் 'பிரெஸ்' என்ற பட்டம் உண்டு. ஆதலின் குயினிஷெட்டை 'துணைத் தலைவர்' என்று அழைத்தனர். அன்போடு இட்ட பெயர்தான். எனினும் ஒரு கலைஞனின் எல்லையை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

ஆகவே, பிறரைப் பின்பற்றுவது குற்றமென்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. அதுவே போதுமென்பாரோடும் உடன்பாடில்லை. நீண்ட சுரங்களை நாள்தோறும் ஊதி மூச்சைப் பழக்குதல், முன்னோரைச் செவியால் கற்றல் ஆகிய இவ்விரண்டுமின்றித் தனி நாதம் வாய்ப்பதில்லை. ஆனால் 'இன்னாரைப் போல் ஊது' என்று கற்பிப்போர், 'உன் செவி எதை விரும்புகிறது?' என்றும் ஒருநாள் கேட்க வேண்டும். 1934இல் லெஸ்டரிடம் எவரும் கேட்காத கேள்வி அது. அவர் தாமே கேட்டு, தாமே விடை கண்டார். அதற்கு விலையாக ஒரு வேலையையும் கொடுத்தார். பிள்ளைகளுக்கு எக்கலையைக் கற்பித்தாலும், அந்த விலையை அவர்கள் கொடுக்க நேராதபடி பார்த்துக்கொள்வது பெரியோராகிய நம் கடன்.