சந்தேகத்தின் பலன் யாருக்கு?

வெளிநாட்டு விமானத்துக்கான செக்-இன் கவுண்டரில் நம் பாஸ்போர்ட்டைப் புரட்டுபவர் அரசு அதிகாரி அல்லர். விமான நிறுவனத்தின் ஊழியர்; பல நிலையங்களில் அதுவும் இல்லை, தரைப்பணிகளை ஒப்பந்தம் எடுத்த வேறொரு நிறுவனத்தின் ஆள். ஒருவரை எந்த நாட்டுக்குள்ளும் அனுமதிக்க அவரால் முடியாது. ஏற்ற மறுக்க மட்டும் முடியும். இந்த நடைமுறையின் நல்லது கெட்டது இரண்டும் இந்தப் பாதி அதிகாரத்திலிருந்தே வருகின்றன.

பயணியிடம் உரிய ஆவணம் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுவதும், போன இடத்தில் நுழைவு மறுக்கப்பட்டால் திருப்பி அழைத்து வருவதும் நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பு. அதற்கு வலு சேர்ப்பவை நாடுகளின் அபராதச் சட்டங்கள். பிரிட்டன் 1987இல் பயணி ஒருவருக்கு 1,000 பவுண்டு என்று தொடங்கி 1991இல் அதை இரட்டிப்பாக்கியது. இந்தியா 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் என்றது. 2025இல் வந்த குடியேற்றச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, அந்தப் பொறுப்பைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து மணி நேரம் பறந்து, இறங்கிய இடத்தில் ஓர் அறையில் காத்துக் கிடந்து, அடுத்த விமானத்தில் திரும்புவதைவிடச் சொந்த ஊரிலேயே தடுக்கப்படுவது எவ்வளவோ மேல். விதிகளும் எளிமையானவை அல்ல. ஷெங்கன் நாடுகளுக்குப் போகும் வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். நம் ஊரில் எல்லா நாட்டுக்கும் 'ஆறு மாதம்' என்ற ஒரே கணக்கு! இப்படி நாட்டுக்கு நாடு மாறும் விதிகளைத் திரட்டித் தருவது விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவின் டிமேட்டிக் தரவுத்தளம். 1963இலிருந்து இந்த வேலை நடக்கிறது. ஆனால் அது தகவல்தான், தீர்ப்பு அல்ல. விலக்குகளும் உட்பிரிவுகளுமாக விரியும் திரையைப் படித்து முடிவெடுப்பவர், நீண்ட வரிசை முன்னால் நிற்கும் ஓர் இளம் ஊழியர்.

அவர் தவறாக ஏற்றிவிட்டால் அபராதம், திரும்பும் பயணச் செலவு, மேலாளரின் வசவு. தவறாக மறுத்தால் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் ஒரு காலி இருக்கையோடு போயிற்று. அதற்கும் பணம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. எனவே சந்தேகம் என்று வந்தால் அது பயணியின் தலையில்தான் விடியும். வளைகுடா போகிறவர்களுக்குப் பழகிப்போன, விசாவைச் சரிபார்த்து நிறுவனம் முன்கூட்டியே போடும் 'ஓகே டு போர்ட்' பதிவும் இந்தப் பயத்தின் குழந்தையே.

2015இல் சைப்ரஸின் லார்னகாவிலிருந்து புகாரெஸ்ட் செல்லவிருந்த கஜகஸ்தான் குடிமகன் ஒருவரைப் புளூ ஏர் நிறுவனம் ஏற்ற மறுத்தது. ருமேனிய விசா இல்லை என்பது காரணம். அவரிடம் இருந்த சைப்ரஸ் வசிப்பு அனுமதியே அதற்குப் போதுமானதாக இருந்தது. 2020இல் ஐரோப்பிய நீதிமன்றம், நிறுவனம் மறுத்துவிட்டது என்பதாலேயே ஆவணம் குறையுள்ளதாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்குப் பிறகு கிடைத்த நியாயம். விமானம் என்னவோ அன்றே போய்விட்டது.

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. அதில் தமிழருக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. இலங்கையருக்கு விசா கட்டாயம் என்று பிரிட்டன் 1985இல் அறிவித்தது. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய ஈழத்தமிழர்கள், தங்களைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் முயன்றபோது உடைகளைக் களைந்து எதிர்த்தார்கள். சில வாரங்களில் அந்த 1,000 பவுண்டு அபராத மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. உயிர் தப்பி ஓடுபவர் முறையான ஆவணமின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை. கவுண்டர் ஊழியருக்கு அந்தக் கதையைக் கேட்கும் கடமையும் இல்லை, அதிகாரமும் இல்லை. அடைக்கல விண்ணப்பம் எழுதப்படும் முன்பே முடிந்துபோகிறது. மறுத்தது தனியார் என்பதால் அரசின் கணக்கில் அது ஏறுவதே இல்லை.

ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் பயணி விவரம் அனுப்பப்பட்டதும் ஏற்றலாமா கூடாதா என்று தாமே பதில் தருகின்றன. முடிவு அரசிடம் திரும்புவது நல்லதுதான். ஆனால் அந்தப் பதிலிலும் பயணிக்குக் காரணம் கிடைப்பதில்லை. லார்னகா வழக்கில் நீதிமன்றம் இதையும் தொட்டது: சேருமிட நாடு நுழைவை மறுத்துவிட்டது என்று நிறுவனம் சாக்குச் சொன்னால், அந்த மறுப்பு காரணத்தோடு எழுத்தில் முன்கூட்டியே பயணியிடம் தரப்பட்டிருக்க வேண்டும். நம் விமான நிலையங்களிலும் எந்த விதி, எந்த வரி என்று டிமேட்டிக் பக்கத்தை அச்சிட்டுக் கையெழுத்தோடு கொடுக்கலாம். கவுண்டரில் அச்சுப்பொறி இருக்கத்தான் செய்கிறது.